ஆட்டத்தில் பயன்பட்ட பேஸ்பால் மட்டையொன்றை ஏலத்தில் விற்ற அனுபவம்

அமெரிக்காவின் சான் டியேகோவில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் மூதாட்டி, காலமான தம் கணவரின் உடைமைகளுள் இருந்த பேஸ்பால் மட்டையொன்றை விற்றுத் தரும்படி என்னிடம் கேட்டார். 1980களில் ஜாக் மர்ஃபி அரங்கில் வேலை பார்த்த கணவர், இந்த ஊர் பேஸ்பால் அணியான பாட்ரேஸின் வீரர் டோனி க்வின் ஆடிய மட்டை அது என்றும், விரிசல் விழுந்தபின் தமக்குக் கொடுக்கப்பட்டது என்றும் வீட்டில் சொல்லிவந்தாராம். க்வின் 20 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடி 3,141 ஹிட்கள் (அடித்தவர் பாதுகாப்பாகத் தளத்தை அடையும் அடிகள்) அடித்தவர். அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான தேசிய லீக்கின் பேட்டிங் சராசரியில் 8 முறை முதலிடம் பெற்றவர். 2007இல், பேஸ்பாலின் தலைசிறந்தோருக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். இந்த ஊரில் அவருக்குள்ள மதிப்பை நான் அறிவேன். ஆனால் அந்த மதிப்பு, கையிலிருக்கும் ஒரு மட்டையின் விலையாக மாறுவதற்கு எத்தனை சான்றுகள் தேவை என்பதை இந்த விற்பனையின்போதுதான் நேரில் கண்டேன்.

2001 முதல், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் நியமிக்கும் சான்றாளர்கள், ஆட்டம் நடக்கும் இடத்திலேயே பொருளைப் பெற்று எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டிப் பதிவு செய்கிறார்கள். அதற்கு முந்தைய பொருள்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால், பொருளே தன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆகையால் நான் முதலில் மூதாட்டியிடம் கேட்டுக்கொண்டது, மட்டையைத் துடைக்க வேண்டாம் என்பதுதான். பிடி வழுக்காதிருக்கப் பூசி, கைப்பிடியில் கருத்துப் படிந்திருந்த பைன் தார், கைப்பிடி முனையிலுள்ள குமிழில் மார்க்கரால் எழுதி மங்கிப்போன க்வினின் சட்டை எண்ணான 19, அடிக்கும் பகுதியில் பந்தின் தையல் பதிந்த தடங்கள், மட்டை அடுக்கில் உரசியதால் ஒட்டிய வண்ணக் கீற்றுகள் ஆகிய எல்லாமே விலைக்குரியவை. விரிசல்கூட ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டிய குறையன்று. ஆட்டத்தில் பயன்பட்டதற்கு அது ஓர் அடையாளம்.

மட்டைகளை ஆராய்ந்து சான்றளிக்கும் நிறுவனமொன்றுக்கு அதை அனுப்பினோம். அங்கே நீளத்தையும் எடையையும் அளந்து, மட்டையிலிருந்த லூயிவில் ஸ்லக்கர் என்ற தயாரிப்பு முத்திரையின் வடிவத்தைக் கொண்டு தயாரிப்புக் காலத்தைக் கணித்து, க்வினுக்கு அனுப்பிய மட்டைகளைப் பற்றிய தொழிற்சாலைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மற்றவர்களைவிடச் சிறிய மட்டையையே க்வின் விரும்பினார் என்பதால், அளவு பொருந்தியதே ஒரு வலுவான சான்றாயிற்று. மட்டை வந்த வழியை மூதாட்டி ஒரு கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். அதனுடன் கணவரின் பழைய பணியாளர் அட்டையின் நகலையும் இணைத்தோம். குடும்பத்தின் வாய்மொழியை மட்டும் நம்பி யாரும் பணம் தருவதில்லை, அது நியாயமும்கூட.

விலையைப் பெருமளவு உயர்த்துவது புகைப்பட ஒப்பீடு. மரத்தின் ரேகைகளோ உடையின் தையலோ பழைய படமொன்றில் உள்ளவற்றோடு அப்படியே பொருந்தினால், அந்தப் பொருள் எந்த ஆட்டத்தில் பயன்பட்டது என்பதே உறுதியாகிவிடும். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரின் 1932ஆம் ஆண்டு மூன்றாம் ஆட்டத்தில், பழம்பெரும் வீரர் பேப் ரூத் அணிந்த சட்டை 2005இல் 9,40,000 டாலருக்கு விற்றது; புகைப்பட ஒப்பீடுகளின் துணையோடு 2024இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலரை எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையே வளர்ந்தது என்பது உண்மைதான். ஆயினும் அந்த உறுதி இல்லாமல் இவ்வளவு உயர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் மட்டைக்கு, மர ரேகை தெரியுமளவுக்குத் தெளிவான படம் எதுவும் கிடைக்கவில்லை. எனவே, க்வின் ஆடிய மட்டை என்ற சான்றோடு, எந்த ஆட்டம் என்று குறிப்பிடாமலே அது ஏலத்துக்குப் போனது.

எதிர்பார்க்கும் விலையை மூதாட்டிக்குச் சொல்வதற்காக, விற்பனையாளர்கள் இணையத்தில் கேட்கும் விலைகளை விட்டுவிட்டு, க்வின் மட்டைகள் முந்தைய ஏலங்களில் உண்மையில் விற்ற விலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டேன். அவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏல நிறுவனங்கள் அறிவிக்கும் தொகையில், வாங்குபவர் கூடுதலாகச் செலுத்தும் கட்டணமும் அடங்கியிருக்கும். அது 20 சதவீதம் என்றால், 6,000 டாலர் என்று அச்சாகும் விற்பனையில் ஏலத்தில் இறுதியாகக் கேட்கப்பட்ட விலை 5,000 டாலர்தான். விற்பவரிடம் பெறும் கமிஷன் அதிலிருந்தும் கழியும். இந்தக் கணக்கை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே அவருக்கு விளக்கிவிட்டேன்.

தொடக்க விலையைத் தாழ்வாக வைக்கச் சொன்னபோது மூதாட்டி தயங்கினார். தாழ்ந்த விலையில் பலர் நுழைந்தால்தான் போட்டி உண்டாகும் என்று நிறுவனத்தார் விளக்கிய பிறகே சம்மதித்தார். இணையத்தில் ஏலம் நடந்த பெரும்பாலான நாள்களில் விலை நகரவே இல்லை. கடைசி இரவில், புதிய விலை கேட்கப்படும்போதெல்லாம் ஏலம் முடியும் கெடு நீளும் கட்டத்தில்தான் உண்மையான போட்டி நடந்தது. இருவர் மாறிமாறிக் கேட்க, அவர் என் அருகில் அமர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணித்திருந்த வரம்பின் மேற்பகுதியில் விலை நின்றது.

வாங்கியவர் பணம் கட்டி முடித்த பிறகு, சில வாரங்களில் காசோலை வந்தது. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால இலாபத்துக்கு அமெரிக்க மத்திய வருமான வரி 28 சதவீதம் வரை போகலாம். ஆனால் வாரிசாகப் பெற்ற பொருளுக்கு, உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே பொதுவாக இலாபத்தைக் கணக்கிடும் அடிப்படை விலையாகக் கொள்ளப்படும். அந்த நாளுக்குரிய மதிப்பீட்டுக் கடிதத்தை முன்னதாகவே வாங்கி வைத்திருந்ததால், அவருடைய வரிக் கணக்காளருக்கு அதையும் ஏல நிறுவனத்தின் கணக்குத் தாளையும் சேர்த்து அனுப்பினோம்.