விண்ணப்பத்தைத் தூக்கிய பிறகுதான் பணம் நகர்ந்தது

டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியின் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்தில் ஃபெடரல் அரசு கல்லூரிகளுக்கு அனுப்பிய அவசர நிவாரணத்தை (எங்கள் வழக்கில் 'ஹீர்ஃப்') மாணவர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

பணம் மூன்று தவணையாக வந்தது. 2020 மார்ச்சில் கேர்ஸ் சட்டம், அதே டிசம்பரில் இன்னொன்று, 2021 மார்ச்சில் மூன்றாவது. நாடு முழுவதற்குமாக முதல் தவணை சுமார் 1,400 கோடி டாலர். கடைசித் தவணை கிட்டத்தட்ட 4,000 கோடி.

முதல் தவணையிலேயே எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு அடி விழுந்தது. மாணவர் எண்ணிக்கையை முழுநேரக் கணக்குக்கு மாற்றித்தான் பங்கு பிரித்தார்கள். எங்களிடம் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பகலில் கடையிலோ கிடங்கிலோ நின்றுவிட்டு, மாலையில் ஓரிரு பாடம் எடுப்பவர்கள். இரண்டு மூன்று பேரைக் கூட்டினால்தான் அந்தச் சூத்திரத்தில் ஒரு மாணவர். வேலை போனபோது வாடகை பாக்கி மட்டும் ஆளுக்கு ஒன்றாகத்தான் நின்றது. டிசம்பர் சட்டம் தலைக்கணக்கையும் சேர்த்துக்கொண்டதும் நிலைமை கொஞ்சம் சரியானது.

கேர்ஸ் பணத்தில் குறைந்தது பாதி மாணவர்களுக்கே போக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது கல்லூரியின் பொறுப்பு. மேலிடத்தில் விண்ணப்பம் வைக்கச் சொன்னார்கள். என்ன கஷ்டம் என்று ஒரு பத்தி வேறு எழுத வேண்டும். எழுத வருகிறவர்கள் உருக்கமாக எழுதினார்கள். வீட்டில் இணையமே இல்லாமல், செல்போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கஷ்டத்தை நிரூபிக்கச் சொல்வது நியாயம்போலத் தெரியும்; நடைமுறையில் அது வடிகட்டுவது தப்பான ஆட்களை.

அடுத்த தவணையில் விண்ணப்பத்தைத் தூக்கினோம். தேவை மிகுந்தவர்களுக்கே முன்னுரிமை என்று சட்டமும் சொல்லிவிட்டது. குறைந்த வருமான மாணவர்களுக்கு ஃபெடரல் அரசு தரும் உதவித்தொகையான பெல் கிராண்டின் பட்டியலை எடுத்து நேராகப் பணத்தைப் போட்டோம். அதிலும் சிக்கல் இருந்தது. பலர் வங்கி விவரம் கொடுத்திருக்கவில்லை. வீடு மாறிவிட்டதால் காசோலைகள் திரும்பி வந்தன. மாணவர் பங்கை அரசிடமிருந்து எடுத்தால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொருவராகப் போன் போட்டால், பாதிப் பேர் "இது ஏதோ மோசடி" என்று வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சும்மா பணம் தருகிறோம் என்று வேறு யார் கூப்பிடுவார்கள்?

எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது) இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி முதல் தவணையின்போதே கேட்டாள்: "அக்கா, எனக்குக் கிடைக்குமா?" அப்போதைய விதிப்படி ஃபெடரல் நிதியுதவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான். இல்லை என்று சொன்னேன். 2021 மே மாதம் கல்வித் துறை அந்த விதியை மாற்றியது. குடியுரிமை தடையில்லை என்றானது. நானே அவளைக் கூப்பிட்டேன்.

கல்லூரியின் பங்கில் மடிக்கணினியும் ஹாட்ஸ்பாட்டும் வாங்கி இரவல் கொடுத்தோம். வாகன நிறுத்தத்தில் வைஃபை போட்டோம். காருக்குள் உட்கார்ந்து தேர்வு எழுதியவர்கள் உண்டு. வகுப்பறைகளில் மாட்டிய பிளாஸ்டிக் தடுப்புகள் வீண் செலவு என்றே இப்போதும் நினைக்கிறேன். உருப்படியான வேலை, பழைய பாக்கிகளைத் தீர்த்தது. சில நூறு டாலர் கட்டணம் நிலுவையில் இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யவே முடியாது. மாணவருக்கு வரும் உதவித்தொகையிலிருந்து அவர் சம்மதம் இல்லாமல் அதைக் கழிக்கவும் கூடாது. கல்லூரிப் பங்கிலிருந்து அடைத்ததும் படிப்பை விட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் காகிதம்: காலாண்டுக்கு ஒரு அறிக்கை, ஆண்டுக்கு ஒன்று, நடுவில் தணிக்கை. 2023 ஜூன் 30-ஓடு கணக்கை மூடினோம். ஹாட்ஸ்பாட்டுகளின் மாதக் கட்டணத்தை இனி யார் கட்டுவது என்ற பேச்சு அடுத்த வாரமே தொடங்கிவிட்டது.