கிரேக்கத்தின் வடக்கு எல்லையும் என் பாடக்குறிப்பும்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் இரவில், பன்னிரண்டாம் வகுப்பின் முப்பத்தெட்டு மாணவர்களும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தை எழுதியிருப்பதைக் கவனித்தேன். “கிரேக்கத்தில் கிளர்ச்சி செய்த கம்யூனிஸ்டுகளுக்கு சோவியத் ஒன்றியம் ஆயுதம் வழங்கியதால், கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்கா ட்ரூமன் கோட்பாட்டை அறிவித்தது.” அது பாடநூலில் உள்ள வாக்கியம் அன்று; ஜூலை மாதத்தில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்பு. அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளும் அதே குறிப்பைத்தான் எழுதிப்போட்டிருந்தேன். அவ்வாண்டு காலாண்டு விடுமுறையில் கிரேக்க உள்நாட்டுப் போரைப் பற்றி முதன்முறையாக விரிவாகப் படித்திருந்ததால், அந்த வாக்கியத்தின் முதல் பாதி சரியன்று என்பது அன்றிரவு எனக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். தவறு அவர்களுடையதாக இருந்தால் அல்லவா மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்?

நடந்தது இதுதான். உலகப் போரில் வென்றும் கடனில் மூழ்கிப்போயிருந்த பிரிட்டன், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனித் தன்னால் உதவ இயலாது என்று 1947 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவுக்குத் தெரிவித்தது. மூன்று வாரத்துக்குள், மார்ச் 12 அன்று, அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் பேசி, அவ்விரு நாடுகளுக்குமாக 40 கோடி டாலர் கேட்டார். ட்ரூமன் கோட்பாடு என்று நாம் கற்பிப்பது அந்த உரையைத்தான். அதை முழுமையாகப் படித்த பிறகுதான், அதில் சோவியத் ஒன்றியத்தின் பெயர் ஓர் இடத்தில்கூட வரவில்லை என்பதைக் கண்டேன். கிரேக்கத்தின் வடக்கு எல்லையில் நடப்பதாகச் சொல்லப்பட்ட அத்துமீறல்களை ஐ.நா. ஆணையம் விசாரித்துவருவதைக் குறிப்பிடும் இடத்தில் வரும் பெயர்கள் அல்பேனியா, பல்கேரியா, யூகோஸ்லாவியா ஆகியவையே.

கிளர்ச்சியாளர்களுக்கு உதவியும் புகலிடமும் முதன்மையாகக் கிடைத்தது இந்த மூன்று நாடுகளிலிருந்துதான். அவற்றுள்ளும் டிட்டோவின் யூகோஸ்லாவியாவே முன்னின்றது. ஸ்டாலினோ, 1944 அக்டோபரில் மாஸ்கோவுக்கு வந்த சர்ச்சிலுடன் செல்வாக்கு எல்லைகளைப் பங்கிட்டுக்கொண்டபோது, கிரேக்கத்தில் 90 விழுக்காட்டை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுக்க இசைந்தவர். 1948 பிப்ரவரியில் யூகோஸ்லாவிய, பல்கேரியத் தலைவர்களை அழைத்து, கிரேக்கக் கிளர்ச்சியை முடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை, அந்தக் கூட்டத்தில் இருந்த யூகோஸ்லாவியத் தலைவர்களுள் ஒருவரான மிலோவான் ஜிலாஸ் பின்னாளில் பதிவு செய்தார். அதே ஆண்டு ஜூனில் யூகோஸ்லாவியக் கட்சி, சோவியத் தலைமையில் இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்ஃபார்மிலிருந்து வெளியேற்றப்பட்டது. கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஸ்டாலின் பக்கம் நின்றது. 1949 ஜூலையில் டிட்டோ தம் எல்லையை மூடினார். ஆகஸ்டில் கிராமோஸ் மலைப்பகுதியில் கிளர்ச்சிப்படை முறியடிக்கப்பட்டது. அக்டோபரில் போர் ஓய்ந்தது.

அமெரிக்கப் பணமும் ஆயுதமும் இல்லாமல் ஏதென்ஸ் அரசு அந்தப் போரை வென்றிருக்காது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும், கம்யூனிசத்தைத் தடுத்து நிறுத்தியதன் முதல் வெற்றி என்று நாம் கற்பிக்கும் அந்நிகழ்வில், கம்யூனிஸ்டுகளுக்குள்ளேயே மூண்ட பகைக்கும் கணிசமான பங்கு இருந்தது. அமெரிக்காவும் அதைப் புரிந்துகொண்டுதான் டிட்டோவுக்குப் பொருளுதவியும், 1951 முதல் இராணுவ உதவியும் அளித்தது. யூகோஸ்லாவியாவில் இவ்வளவு தெளிவாகக் கண்ட ஓர் உண்மையை ஆசியாவுக்கு வந்தபோது அதே அரசு எப்படி மறந்தது என்பது, இத்தனை ஆண்டுகள் கற்பித்த பிறகும் என் மனத்தை விட்டு அகலாத கேள்வி.

அந்த டிசம்பருக்குப் பிறகு என் பாடக்குறிப்பை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தபோது, தகவலை விடச் சொல்தான் பெரிய இடராக நின்றது. இக்கொள்கைக்கு வித்திட்ட அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன், 1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோத் தூதரகத்திலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தந்தியை அனுப்பினார். மறு ஆண்டு ஜூலையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினார். அவர் ஆண்ட ‘கன்டெய்ன்மென்ட்’ (containment) என்ற சொல்லை நான் அதுவரை ‘தடுத்தல்’ என்றும், சில ஆண்டுகளில் ‘ஒடுக்குதல்’ என்றும் எழுதிப்போட்டிருந்தேன். ஒடுக்குதல் என்றால் உள்ளே புகுந்து அடக்குவது; தடுத்தல் என்றால் வருவதை எதிர்த்து நிற்பது. கென்னன் சொன்னது இரண்டும் அன்று. சோவியத் ஆட்சி தன் எல்லையைத் தாண்டி விரிய முடியாதபடி பொறுமையோடும் உறுதியோடும் நீண்ட காலம் நின்றால், அதன் உள்முரண்களே அதைத் தளர்த்திவிடும் என்பது அவர் வாதம். ‘கட்டுக்குள் வைத்தல்’ என்று எழுதத் தொடங்கினேன். நெல்வயலின் வரப்பு தண்ணீரோடு சண்டையிடுவதில்லை, தண்ணீரைத் தன் அளவில் நிற்க வைக்கிறது என்று சொன்னபோது, வயலில் இறங்கி வேலை செய்து பழகிய பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சொல் அமைந்த பிறகே, கொள்கை எங்கே திசை மாறியது என்பதையும் காட்ட முடிந்தது. போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த ஏறத்தாழ 1,300 கோடி டாலர் அளித்த மார்ஷல் திட்டமும், 1948 ஜூன் முதல் மறு ஆண்டு மே வரை சோவியத் ஒன்றியத்தால் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு வானூர்திகளில் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமாக உணவும் நிலக்கரியும் கொண்டுசேர்த்ததும் கென்னன் கருதிய வரப்புக்கு மிக அருகில் இருந்தவை. முற்றுகையும், 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், மேற்கு நாடுகளின் அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதைக் காட்டுபவை; இதை நான் மாணவர்களிடம் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் 1950 ஏப்ரலில் பால் நிட்சேயின் தலைமையில் எழுதப்பட்ட என்.எஸ்.சி. 68 என்ற அமெரிக்க அரசு ஆவணமும், ஜூன் 25 அன்று வெடித்த கொரியப் போரும் சேர்ந்து, அமெரிக்கப் பாதுகாப்புச் செலவை மும்மடங்குக்கும் மேலாக உயர்த்தின. அதன் பிறகு எல்லாக் கேள்விக்கும் படையே விடை என்றாயிற்று. கென்னனே இதைத் தாம் கருதியது இராணுவத் தடுப்பு அன்று என்று பல முறை மறுத்தார்.

நாங்கள் ‘பனிப்போர்’ என்று கற்பிக்கிறோம். பழைய எழுத்துகளில் ‘கெடுபிடிப் போர்’ என்றும் வழங்கியது. ஆயுதம் ஏந்தாத போர் என்று ஒரு வரியில் விளக்கம் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே கொரியாவில் மாண்ட லட்சக்கணக்கானோரைப் பற்றி நடத்துவது என்னை எப்போதும் உறுத்தியது. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில்தான் அது பனி. சியோலிலும் சைகோனிலும் அது நெருப்பு.

எங்கள் பள்ளி நெய்வேலிக்கு அருகில் இருந்ததால், இந்தப் பாடத்துக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. அங்கே பழுப்பு நிலக்கரியைத் தோண்டிய ராட்சத எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962-ல் இயங்கத் தொடங்கியது. இரு முகாம்களின் எந்திரங்களும் ஒரே ஊரில், ஒன்று எடுத்துக் கொடுத்ததை மற்றொன்று வாங்கி எரித்துக்கொண்டிருந்தன. ரஷ்யப் பொறியாளர்களோடு வேலை செய்த தாத்தாக்களைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருந்தார்கள். அணிசேராமை என்ற சொல்லை இதற்கு மேல் நான் விளக்கியதில்லை.

பெரிய மனமாற்றம் எனக்கு நேர்ந்தது வேறொரு பாடவேளையில். 1954 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் செய்தியாளர்களிடம் பேசும்போது, வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசியும் விழும் என்று, வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய இந்தோசீனாவைப் பற்றிக் கூறினார். எங்கள் மாணவர்களுக்கு டோமினோ ஆட்டம் தெரியாது. எனவே வெற்றுச் சாக்பீஸ் பெட்டிகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு நாட்டின் பெயரை ஒட்டி, முதல் பெட்டியைத் தட்டிவிடுவேன். எல்லாம் விழும், வகுப்பு மகிழும், தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான், பெட்டிகள் விழுந்ததைக் கண்ணால் கண்டதாலேயே அவர்கள் அந்தக் கருத்தை நம்பினார்கள் என்பது எனக்கு உறைத்தது. ஒரே அளவும் ஒரே எடையும் கொண்ட பெட்டிகளைச் சம இடைவெளியில் நிறுத்தியது நான். நாடுகள் அப்படி நிற்பதில்லை. அந்தச் செய்முறையை அத்தோடு கைவிட்டேன்.

அதற்குப் பதிலாக வியட்நாமின் கதையைத் தொடக்கத்திலிருந்து நடத்தினேன். 1945 செப்டம்பர் 2 அன்று வியட்நாமியக் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் ஹனோயில் வாசித்த விடுதலைப் பிரகடனம் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் சொற்களோடு தொடங்கியது. உதவி கோரி அவர் ட்ரூமனுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் அவர்களைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்ட பின், 1975-ல் தெற்கு வியட்நாமும் கம்போடியாவும் லாவோசும் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தன. தாய்லாந்தும் மலேசியாவும் வீழவில்லை. நான்கே ஆண்டுகளுக்குள் கம்யூனிஸ்ட் வியட்நாம் கம்யூனிஸ்ட் கம்போடியாவுக்குள் நுழைந்தது. 1979 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் சீனா வியட்நாமின்மீது படையெடுத்தது. ஒரே பெட்டியாக எண்ணப்பட்டவை ஒன்றையொன்று தாக்கிக்கொண்ட இந்த வரிசையை எழுதிப்போடும்போது, டிட்டோ மூடிய எல்லையை மாணவர்கள் தாமாகவே நினைவுகூர்ந்தார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில், என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் ஒருவரைச் சந்தித்தேன். மதிய உணவு இடைவேளையில், “ஐயா, நீங்க கொடுத்த நோட்ஸைத்தான் இன்னிக்கும் நடத்துறேன்” என்று பெருமையோடு சொன்னார். எந்த ஆண்டு மாணவர் என்று கேட்டேன். அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒன்று. கிரேக்கத்தைப் பற்றிய வரி அவருக்கு எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக இருந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, 1944 அக்டோபரிலிருந்து 1949 ஜூலை வரை நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, கையிலிருந்த கைக்குறிப்பேட்டில் ஒவ்வொரு தேதியையும் எழுதிக்கொண்டார். யூகோஸ்லாவியா என்ற பெயரின் கீழ் இரண்டு முறை கோடிட்டார்.