சின்ட்வின் கரையில் நிறுத்தப்பட்ட எஞ்சின்கள்

ஏப்ரல் 9

1942இல் இதே நாள் காலையில்தான் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைமேல் குண்டு போட்டன. சீனக்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தில் மோதி, தீ நாட்கணக்கில் எரிந்தது. டொக்யாட்டில் பிட்டராக இருந்த அப்பப்பா அந்தப் புகையைப் பற்றிச் சாகும்வரை சொன்னார். மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியதும் அன்றுதான்.

எங்கள் ஊரில் அந்தப் போர் என்றால் கடலும் வானமும்தான். வங்காள விரிகுடாவின் அக்கரையில், பர்மாவில், பிரித்தானியரின் 7ஆவது கவச பிரிகேட் அதே நாட்களில் ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினோடு வாழ்கிறவன் நான். அந்தத் தாங்கிப்படையின் (டாங்கிப் படையின்) கதையை எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஏப்ரல் 13

நாளை வருசப்பிறப்பு, கராஜ் பூட்டு.

1938இல் எகிப்தில் உருவான படை அது. பாலைவன எலி அவர்களின் சின்னம். 1941 நவம்பரில் லிபியாவின் சிடி ரெசேயில் ஜெர்மன் ஜெனரல் ரொம்மலின் படையோடு மோதி, கிட்டத்தட்ட எல்லாத் தாங்கிகளையும் இழந்தது. பிறகு அமெரிக்க ஸ்டுவர்ட் தாங்கிகளோடு கிழக்கே அனுப்பினார்கள். சிங்கப்பூர் விழுந்துவிட்டதால் 1942 பெப்ரவரியில் ரங்கூனில் இறங்கியது. 37 மில்லிமீற்றர் பீரங்கி, நாலு பேர், பின்பக்கம் விமான எஞ்சின். மணலில் பழகியவர்களுக்கு வயல் வரம்பும் மூங்கில் காடும்.

ஏப்ரல் 19

பர்மாவின் யெனாங்யாவுங் எண்ணெய் வயலில் சண்டை முடிந்த நாள். ஜப்பானியருக்குக் கிடைக்கக்கூடாது என்று பிரித்தானியத் தளபதி ஜெனரல் ஸ்லிம் கிணறுகளைத் தகர்க்கச் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்ட 1ஆவது பர்மா டிவிசன் தண்ணீரில்லாமல் தவித்தது. சீனாவின் 38ஆவது டிவிசனும் இந்தத் தாங்கிகளும் சேர்ந்துதான் வழி திறந்தன.

அதன்பின் பின்வாங்கல் முழுவதும் கடைசியில் வந்தது இந்தப் படைதான். முன்னால் காலாட்படை. அதே மாதங்களில் ரங்கூனை விட்டுக் கிளம்பிய நம் தமிழ்ச் சனம், பிள்ளைகளையும் கிழடுகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கி மலைப்பாதையில் நடந்தது. ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள்.

மே 10

சின்ட்வின் ஆற்றங்கரையில் ஷ்வேஜின். அங்கே இருந்த படகுகளால் தாங்கிகளை அக்கரை சேர்க்க முடியவில்லை. ரங்கூனிலிருந்து ஓட்டிவந்த தாங்கிகளை அந்தப் பையன்கள் தாங்களே அழித்தார்கள். எஞ்சினில் ஒயிலை வடித்துவிட்டு, சீஸ் ஆகும்வரை ஓடவிட்டார்கள்.

கராஜில் வேலை பழகும் தம்பியிடம் சொன்னேன். “குண்டு வைக்கலாம்தானே அண்ணை?” என்றான். எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கு எங்கே நேரம்? ஒயில் இல்லாத எஞ்சின் இறுகி நிற்கும் சத்தம் இவனுக்குத் தெரியும். தன் உயிரைக் காத்த எஞ்சினுக்கு ஒருவன் அப்படிச் செய்வதென்றால், எனக்கு அவர்களின் எந்த வெற்றியையும்விட இதுதான் பெரிது. அக்கரை போனது ஒரே ஒரு ஸ்டுவர்ட். அதை இந்தியாவின் 7ஆவது இலகு குதிரைப்படை எடுத்துக்கொண்டு, மேற்கூட்டைக் கழற்றிக் கட்டளை வண்டியாக்கி, 1945இல் பர்மாவுக்குத் திரும்பக் கொண்டுபோனது.

மே 17

பர்மாவுக்குப் பிறகு இந்தப் பிரிகேட் இத்தாலியிலும் சண்டையிட்டது. அதன்பின் கதை பெரும்பாலும் சமாதான காலத்துக்கு உரியது, வட ஜெர்மனியில். சோவியத் படை வந்தால் தடுப்பதற்காக வருசக்கணக்கில் தாங்கிகளைத் தயாராக வைத்திருப்பதே வேலை. வராத போருக்கு எஞ்சின் பார்ப்பது வீண் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1991 வளைகுடாப் போருக்கு இந்தப் பிரிகேட் சலஞ்சர் தாங்கிகளோடு போனபோது, ஜெர்மனியில் நின்ற மற்றத் தாங்கிகளிலிருந்து எஞ்சின்களையும் உதிரிப்பாகங்களையும் கழற்றி அனுப்பியே அவற்றை ஓடவைத்தார்கள். அதைக் கழற்றிப் பூட்டியவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை. 2003இல் அதே பிரிகேட் ஈராக்கின் பஸ்ராவுக்குப் போனது. 2014–15 வாக்கில் தாங்கிகள் போய், 7ஆவது காலாட்படை பிரிகேட் ஆனது.