படிப்பில் கெட்டி, கிளட்ச்சில் தடுமாற்றம்: கார் பழகுபவர்களுக்குச் சில வார்த்தைகள்

நன்றாகப் படித்தவர்கள் கார் பழகப் போனால், முதல் வாரம் முடிவதற்குள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாருக்கும் வருகிறதே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" அதிகம் படிக்காதவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே வேறு மாதிரி கேட்பார்கள்: "இதுக்கெல்லாம் நிறைய மூளை வேணுமோ?" நான் பழகியபோது பார்த்ததையும், அப்புறம் சொந்தக்காரர்கள் சிலருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கிவிட்டபோது பார்த்ததையும் வைத்து இரண்டு பேருக்கும் சொல்கிறேன். புத்திசாலித்தனம் கைகொடுக்கும்தான். ஆனால் அது கைகொடுப்பது ஆரம்பத்தில் கொஞ்ச தூரத்துக்குத்தான்.

எல்.எல்.ஆர். (ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ்) தேர்வு அந்தக் கொஞ்ச தூரத்தில் வருவது. சாலைச் சின்னங்களில் வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். கேட்கும் கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். படித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு மாலை வேலை. எழுத்துப் பழக்கம் விட்டுப்போனவர்கள் வீட்டில் யாரையாவது சின்னங்களைக் காட்டிக் கேட்கச் சொல்லிப் பழகினால் அவர்களும் தாண்டிவிடலாம்.

வண்டிக்குள் ஏறியதும் நிலைமை மாறிவிடும். எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் என்னோடு ஒரு கணிதப் பேராசிரியையும், காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும் வந்தார்கள். கிளட்ச் தட்டுகள் எப்படிப் பிரிந்து எப்படிச் சேர்கின்றன என்று மேடம் அருமையாக விளக்குவார். ஆனால் அவருடைய இடது கால் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடும், வண்டி ஒரு உதறு உதறி ஆஃப் ஆகும். மாஸ்டர், "மேடம், காலை மெதுவா எடுங்க" என்பார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று கால் இன்னும் அறியவில்லையே, அவர் என்ன செய்வார்? தம்பியோ இரண்டாவது நாளே சந்தைக் கூட்டத்துக்குள் நிதானமாக ஓட்டினார். மாஸ்டருக்கும் எங்களுக்கும் ஆச்சரியம். கேட்டால், வருஷக்கணக்காக டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை வைத்து ஓட்டுகிறவர், அவ்வப்போது லோடு ஆட்டோவும் எடுத்திருக்கிறார். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் வெட்டுவான் என்பது அவர் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர் என்று நாம் வியக்கும் பலர், ஏற்கெனவே பாதியைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள்தான். அவர்களோடு உங்களை ஒப்பிட்டு மனம் உடைந்துபோகாதீர்கள்.

உடம்பின் பழக்கம் தனி வழியில் சேர்கிறது என்பதற்கு மருத்துவத்தில் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் பிழைகள் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு நாளும், இதைத் தான் முன்பு செய்ததே அவருக்கு நினைவில்லை! நினைவில் நிற்காதது கையில் நின்றது. கிளட்ச்சும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து வருவது இந்த வகைப் பழக்கம்தான். பாடத்தைப் புரிந்துகொள்ளும் வேகத்தை வைத்து அதை அளக்க முடியாது.

படிப்பு வேறு, ஓட்டும் திறன் வேறு என்ற இந்த இடத்துக்கு அரசாங்கமே ஒருவகையில் வந்து சேர்ந்தது. லாரி, பஸ் போன்ற வண்டிகளுக்கு லைசென்ஸ் வாங்க எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தும் பள்ளிச் சான்றிதழ் இல்லாத இளைஞர்களுக்காக ஹரியானா அரசு கேட்டுக்கொண்டதை ஒட்டி, 2019இல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். பயிற்சியும் ஓட்டும் திறனைச் சோதிப்பதும் கறாராக இருக்க வேண்டும் என்பதையும் கூடவே வலியுறுத்தினார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

சரி, காலுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? காலியான சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், வண்டி லேசாக நடுங்கும், மெல்ல நகரத் தொடங்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை ஒரு நொடி நிறுத்தி, மறுபடி அமுக்கி வண்டியை நிறுத்துங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும். ஒரு காலைப்பொழுது முழுக்க இதையே செய்தாலும் வீணில்லை. இது வந்துவிட்டால், ஏற்றத்தில் பின்னால் நழுவாமல் நிறுத்தி எடுப்பதும் வந்துவிடும்: ஹேண்ட் பிரேக் போட்டபடியே கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹாஃப் கிளட்ச்சுக்கு வாருங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்குவது தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். லைசென்ஸ் தேர்வு விதிகளிலும் இது இருக்கிறது, மேம்பாலத்து நெரிசலில் தினமும் தேவைப்படும்.

அடுத்தது பார்வை. புதிதாகப் பழகுகிறவர்கள் பானெட்டையே பார்ப்பார்கள். 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. பானெட் முனையில் தெரிவதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தூரத்தில் பாருங்கள், வண்டி தானாக நேராகப் போகும். வேறு யாராவது ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஆட்டோ நிற்கிறது, ஆள் இறங்குவார், ஸ்கூட்டர் வலப்பக்கம் திரும்பப் போகிறது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படித்தவர்களின் கூர்மை உண்மையில் உதவும் இடம் இது. கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆபத்து முன்கூட்டியே கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டுவதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது. நேற்று வராத கியர் மாற்றம் தூங்கி எழுந்தபின் வருவதை நீங்களே பார்ப்பீர்கள். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 31ஆம் நாளே போய் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த அவகாசத்தைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, மாஸ்டரைப் பற்றி. "இவ்வளவு படிச்சிருக்கீங்க, இது வரலையா?" என்று ஒருவர் தினமும் குத்திக்கொண்டிருந்தால், அந்தப் பதற்றமே உங்கள் காலை இறுக்கிவிடும். ஒரு நேரத்துக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அதே ஸ்கூலில் வேறு மாஸ்டரைத் தரச் சொல்லுங்கள். பணம் கட்டியிருப்பது நீங்கள்.