ஐந்து கணைகள், ஒரு சிமிழ்

மாசி பிறந்ததும் ஆரம்பித்த வேலை. தாமரை, மாம்பூ, அசோகு, முல்லை, நீலோற்பலம் என்று மன்மதனின் ஐந்து கணைகளும் சேர்ந்த ஒரு வாசனை வேண்டும், அதை வீட்டில் ஆணும் பெண்ணும் பூசிக்கொள்ள வேண்டும். வசந்தன் காமனுக்குத் தோழன் என்பதன் அருமை இப்போதுதான் புரிகிறது. மாம்பூவும் அசோகும் முல்லையும் ஒன்றாகக் கைக்குக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து நம் நாட்டில் ஆல்கஹால் எடுக்கிறார்கள். அதில் கரைத்திருந்தால் காமனின் கரும்பு வில்லும் கூட வந்திருக்கும். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு நல்ல ஆல்கஹால் வாங்குவது லேசில்லை. சரி, வில் இல்லாவிட்டால் நாண் இருக்கிறதே! அவன் வில்லுக்கு நாண் வண்டுகளும் தேனீக்களும்தான். தேன்மெழுகில் கட்டி, சிமிழில் அடைத்து, விரலால் தொட்டுப் பூசுகிற மாதிரி செய்வதென்று முடிவு செய்தேன்.

முல்லையில் தொடங்கினேன். பறித்த பிறகும் மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. அந்தியில் விரிந்து இரவெல்லாம் மணம் விடுகிறது. ஆவியில் வேகவைத்தால் அந்த மணம் கெட்டுவிடும். கொழுப்பின் மேல் பரப்பி வைத்தால் விடியும்வரை கொழுப்பு அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தட்டில் வனஸ்பதியை அரை விரல்கடை கனத்துக்குத் தடவி, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறினேன். சாயங்காலம் மொட்டுகளைக் காம்பு கிள்ளிக் கவிழ்த்து வைத்து, இன்னொரு தட்டால் மூடி, காலையில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பூ.

முதல் தட்டு நாலாம் நாளே புளித்த வாடை அடித்தது. கடையில் வாங்கிய உதிரிப்பூவில் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள், நான் துடைக்காமல் வைத்துவிட்டேன். அப்படியே கொட்டினேன். அப்புறம் மாடியில் உள்ள கொடியிலிருந்து மட்டும், பருத்தித் துணியில் உலர்த்தித்தான். பகல் வெயிலில் வனஸ்பதி இளகுவதால் தட்டுக்கு மண்பானை ஓரம் இடம். பதினாலு இரவுகள் முடிந்து மூடியைத் திறந்தபோது பூ ஒன்றுகூட இல்லாத தட்டில் கொடியே இருந்தது. கொஞ்ச நேரம் அதை மூக்கருகிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மாம்பூவுக்கு வேறு வழி. காம்பில் கசியும் பால் பட்டால் தோல் புண்ணாகும். என் மணிக்கட்டில் இரண்டு நாள் அரிப்பு இருந்தது. அதனால் கிளைக்கு அடியில் வேட்டியை விரித்து உலுக்கி, உதிர்ந்த பூவை மட்டும் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டேன். மாங்காயைக் கீறியதும் வருமே, அந்தப் பச்சைக் காரம் எண்ணெயில் இறங்கியது.

தாமரையில் மணம் இதழைவிடக் கேசரத்தில்தான், அதாவது நடுவிலுள்ள மகரந்த இழைகளில்தான் அதிகம். தாமரை தன் உள்ளே 30 முதல் 35 டிகிரி வரை சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. விடிகாலையில் குளத்தில் நின்று, விரியத் தொடங்கிய பூவுக்குள் விரலை விட்டேன். நீர் சில்லென்று இருந்தது, பூவின் நடுவே விதை உருவாகும் பொகுட்டைச் சுற்றி வெதுவெதுப்பு. கேசரத்தை உதிர்த்துக் கொழுப்பில் போட்டதில் லேசான சோம்பு வாடையோடு இனிப்பு வந்தது.

அசோகுதான் பிடிகொடுக்கவில்லை. இங்கே பலர் அசோகு என்று சொல்லும் உயர்ந்த மரம் நெட்டிலிங்கம். அடிமரத்திலும் கிளையிலும் ஆரஞ்சுக் கொத்தாகப் பூப்பதுதான் அசோகு. ஒன்பது முறை பூ மாற்றியும் உலர்ந்த வைக்கோல் போல ஒரு சாயல்தான். ஆனாலும் சேர்த்தேன். அது இல்லாமல் கணை நாலாகிவிடும்.

மெழுகு 12 கிராமைத் தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து, மாம்பூ எண்ணெய் 8 கிராமோடு உருக்கினேன். மெழுகு உருக 63 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் முல்லையைப் போட்டால் பாதி பறந்துவிடும். அடுப்பை அணைத்து, ஓரம் மங்கத் தொடங்கும்போது முல்லைக் கொழுப்பு 20, தாமரை 10, அசோகு 5 கிராம். கடைசியில் சந்தன எண்ணெய் ஒரு கிராம், வெட்டிவேர் எண்ணெய் நாலு சொட்டு.

அண்ணன் கையிலும் அம்மா கையிலும் பூசிப் பார்த்தேன். அம்மா கையில் முல்லை முன்னால் நிற்கிறது. அண்ணன் கையில் மாம்பூக் காரம் அரைமணி இருந்து, பின்னால் சந்தனத்தோடு முல்லை வருகிறது. பூ வாசனை பெண்களுக்கு என்று யார் பிரித்தார்களோ! கல்யாண மாலையை மாப்பிள்ளையும்தானே போடுகிறார். 1966-ல் வந்த ‘ஓ சோவாஜ்’ ஆண்களுக்கான வாசனைதான், அதற்குப் பெயர் வாங்கித் தந்ததே மல்லிகைச் சாயலுள்ள ஹெடியோன் என்ற செயற்கை மணப்பொருள்.

நீலோற்பலம் மட்டும் பாக்கி. காமன் கணைகளில் நீலம்தான் கொல்லும் என்பார்கள். காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பிவிடுவதால் வெயிலுக்கு முன்னால் குளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இதுவரை பதினொரு பூ. தட்டு பானையோரம் மூடியிருக்கிறது. நேற்றுத் திறந்தபோது மணம் மிக மெல்லியதாக, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது.