டோடோவின் தலையும் உழவாரன் குருவிகளும்: ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பகல்

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆக்ஸ்ஃபோர்டு வந்துவிடுகிறது. அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பழைய கல்லூரிகளைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் மகளும் நேராகப் பார்க்ஸ் சாலைக்கு நடந்தோம். பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அவள் விலங்கியல் படிக்கிறாள். இந்த ஊருக்கு வந்ததே அவளுக்காகத்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது வெளிச்சம். உயர்ந்த இரும்புத் தூண்கள், மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை, அந்த வெயிலில் நனைந்தபடி எலும்புக்கூடுகள். நடுக்கூடத்தைச் சுற்றிக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வகைப் பாறை. அடியில் பாறையின் பெயரும் அது எங்கிருந்து வந்தது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நிலவியல் மாணவனுக்குக் கட்டடமே பாடப்புத்தகம். தூண் தலைகளில் செடிகொடிகளைச் செதுக்கியவர்கள் அயர்லாந்திலிருந்து வந்த ஓ'ஷே சகோதரர்கள். தாவரவியல் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த நிஜச் செடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கினார்களாம். ஒரு இலையின் விளிம்பு சுருண்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் அதை நம்பத்தான் தோன்றுகிறது.

"அப்பா, இதை ஏன் பாதியிலேயே விட்டுட்டாங்க?" என்று மகள் ஒரு இடத்தைக் காட்டினாள். ஆமாம், சில வேலைகள் முடியவே இல்லை. பணம் தீர்ந்துபோனது.

இந்த இடம் உருவான கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியலுக்கென்று ஒரு பொது வீடு இல்லை. ஹென்றி ஆக்லாண்ட் என்ற மருத்துவப் பேராசிரியர் விடாமல் வாதாடி அதைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழக அச்சகம் பைபிள் விற்றுச் சேர்த்த லாபத்திலிருந்து பணம் வந்தது. 1860இல் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, டார்வினின் பரிணாமக் கொள்கையைப் பற்றி, அதை ஆதரித்த உயிரியலாளர் ஹக்ஸ்லியும் எதிர்த்த பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்டது இங்கேதான்.

அப்போது இது வெறும் காட்சிக்கூடம் இல்லை. கூடத்தைச் சுற்றி வேதியியல், இயற்பியல், உடற்கூறியல், விலங்கியல், நிலவியல் என்று துறைகள் இருந்தன. பேராசிரியர்கள் இங்கேயே பாடம் நடத்தினார்கள். பிற்காலத்தில் துறைகள் வளர, பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போவது மாதிரி ஒவ்வொன்றாக வெளியே போய்ச் சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டன. தாய்வீட்டில் தங்கியவை சேகரிப்புகள். ஆனால் படிப்பும் ஆராய்ச்சியும் இன்றும் அவற்றைச் சுற்றித்தான் நடக்கின்றன. பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். பார்வையாளர்களுக்காக வெளியே வைத்திருப்பது கொஞ்சம். உள்ளே இழுப்பறைகளில் இருப்பதுதான் முக்கால்வாசி.

டோடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன மொரீஷியஸ் பறவை. அதன் தலையும் ஒரு காலும் இந்த அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன. தோலும் திசுவுமாக உலகில் மிஞ்சியிருக்கிற டோடோ இது ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்ப்பவை வார்த்தெடுத்த நகல்கள். அசல் உள்ளே பத்திரமாக இருக்கிறது. முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த அசல் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று மகள் சொல்லச் சொல்ல மனம் மாறியது. 2002இல் அதன் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை வைத்து, டோடோவுக்கு நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று கண்டுபிடித்தார்கள். 2018இல் ஸ்கேன் செய்தபோது மண்டைக்குள் ஈயக் குண்டுகள் தெரிந்தன. லண்டனில் உயிரோடு காட்சிக்கு வைத்திருந்த பறவை இதுதான் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். யாரோ அதைப் பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு முன் அதைத் தூக்கி எறியாமல் வைத்தவர்களுக்கு மரபணுவும் தெரியாது, ஸ்கேனும் தெரியாது. ஆனாலும் வைத்தார்கள்.

பூச்சிகளும் அப்படித்தான். ஃபிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற பாதிரியார் 1849இல் தன் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று பூச்சிகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். மாடியில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு வண்டின் முன்னால் குனிந்து நின்றோம். ஊசியில் குத்திய வண்டு. பூச்சிச் சேகரிப்பில் வண்டுக்குக் கீழே, அதே ஊசியில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டுச்சீட்டு கோப்பார்கள். எங்கே பிடித்தது, எந்தத் தேதி, யார் பிடித்தது. "சீட்டு தொலைஞ்சா இது வெறும் அழகான பூச்சிதான்ப்பா" என்றாள். சீட்டு இருந்தால், அந்த ஊரில் அந்த வருஷம் அந்தப் பூச்சி உயிரோடு இருந்ததற்குச் சாட்சி. காடு அழிந்த பிறகும் அந்தச் சாட்சி பேசும். இதில் 'டைப் ஸ்பெசிமன்' என்று ஒரு வகை உண்டு. புது இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது, இதுதான் அது என்று அறிஞர் சுட்டிக்காட்டிய அதே உடல். பின்னால் வருகிற சந்தேகம் எல்லாம் அதனிடம்தான் போக வேண்டும். இத்தனையையும் பூச்சி அரிக்காமல், ஈரம் ஏறாமல், சீட்டு மங்காமல் காப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பார்வையாளர் கண்ணில் படாத இந்த வேலை நின்றால் மீதி எல்லாமே நின்றுவிடும்.

கீழே மெகலோசாரஸின் தாடை இருக்கிறது. 1824இல் நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் பெயரிட்டது. டைனோசார்களில் அறிவியல் முறைப்படி முதலில் பெயர் பெற்றது இதுதான். 'டைனோசார்' என்ற சொல்லே 1842இல்தான் வந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு பெரிய பல்லுக்குப் பக்கத்தில் புதுப் பல் முளைத்து வருவது தெரிகிறது. மகள் அதன் முன்னால் நோட்டை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் நான் சும்மா நின்றேன்.

ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். வெளியே வந்தால் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சென்று கத்தியபடி உழவாரன் குருவிகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்தக் கோபுரத்தின் காற்றுத் துளைகளில் கூடு கட்டுகின்றன. 1948இலிருந்து அவற்றைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வருகிறார்கள். புல்வெளியில் உட்கார்ந்து, எந்தத் துளைக்குள் எது நுழைகிறது என்று ரயிலுக்கு நேரமாகும்வரை இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.