தண்ணீருக்கு உலை வைத்த ஊர்

அக்தாவ் நகரத்தில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்றால் மூன்று எண்கள்: மைக்ரோரயோன் (குடியிருப்புப் பகுதி), கட்டடம், வீடு. டாக்சிக்காரரிடம் முதல் இரண்டைச் சொன்னால் போதும், வாசலில் இறக்கிவிடுவார். பிள்ளையார் கோவிலுக்கு எதிர்ச் சந்து, டீக்கடையை ஒட்டி மாடி என்று வழி சொல்லிப் பழகிய எனக்கு, ஸ்டோர் ரூமில் ரேக் நம்பர் சொல்கிற மாதிரி இருந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, இந்த ஊரே அப்படிக் கணக்குப் போட்டு இறக்கி வைத்த ஊர் என்று.

கஜகஸ்தானின் மேற்குக் கோடி, மங்கிஸ்தாவ் பாலைவனம், காஸ்பியன் கரை. பக்கத்தில் ஆறு இல்லை. பூமிக்குள் யுரேனியம் இருந்தது. அதைத் தோண்டுவதற்காக 1960களின் தொடக்கத்தில் சோவியத் அரசு இங்கே ஒரு குடியிருப்பைப் போட்டது. லெனின்கிராடில் உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். 1964 முதல் 1991 வரை ஊரின் பெயர் ஷெவ்சென்கோ. உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவை ஜார் மன்னர் தண்டனைச் சிப்பாயாக அனுப்பிய கோட்டை இதற்கு வடக்கே இருக்கிறது. 1850 முதல் 1857 வரை அங்கே கிடந்தார். எழுதக் கூடாது, படம் வரையக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு. ஆக, இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்களில் நாங்கள் ஒன்றும் முதல் ஆள் இல்லை.

நான் திருச்சிக்காரன். வெல்டிங் இன்ஸ்பெக்டர். எண்ணெய் வயல்களுக்குக் குழாயும் ஸ்டீல் கட்டமைப்பும் செய்து தருகிற யார்டு ஒன்றில் வேலை. பாலைவனம் என்றதும் ஊரில் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடையில் 40 டிகிரி வருகிறது, அது நமக்குப் புதிதா என்ன? ஆனால் இந்தக் காற்று வேறு ஜாதி. தடுக்க ஒரு மரம் கிடையாது, குன்று கிடையாது. டிக் வெல்டிங்கில் உருகிய உலோகத்தைக் காப்பது ஆர்கான் வாயு. கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் ஆர்கான் கலைந்துவிடும், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். வெல்டு மேலே பார்க்க அழகாக இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள். அதனால் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கம்பி நட்டு, தார்ப்பாய் கட்டி, குடிசை மாதிரி ஒன்றை எழுப்பி, அதற்குள் வெல்டரை உட்கார வைப்போம். குளிர்காலத்தில் இதோடு குழாயைச் சூடேற்றும் வேலையும் சேரும். திட்ட அட்டவணை போட்டவர்களுக்கு இந்தத் தார்ப்பாய்க் குடிசை கட்டும் நேரம் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் "ஏன் தாமதம்?" என்று கேட்பார்கள். ஜன்னலைத் திறந்து காட்டலாம் என்று தோன்றும்.

எங்கள் ஃபோர்மேன் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா வோல்கா பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக வந்தவர். மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவராம். மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இளவயதில் அணுமின் நிலையத்தில் பைப் ஃபிட்டராகச் சேர்ந்தார். என்னை "இந்தியா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ரஷ்ய மொழிக்கும் என்னுடைய இங்கிலீஷுக்கும் நடுவில் சாக்பீஸ்தான் மொழிபெயர்ப்பாளர். எதைக் கேட்டாலும் கீழே இருக்கிற இரும்புத் தகட்டில் படம் போட்டுவிடுவார்.

அப்படி அவர் போட்ட படம் ஒன்று, அந்த நிலையத்தின் அணு உலை பிஎன்-350. சோடியத்தால் குளிரூட்டும் வேக ஈனுலை. 1973இல் வேலையைத் தொடங்கியது. மின்சாரம் எடுப்பதோடு, அதன் வெப்பத்தில் காஸ்பியன் நீரைக் காய்ச்சி நன்னீராக்கி ஊருக்குக் கொடுத்தார்கள். நாளைக்கு 1,20,000 கன மீட்டர் வரை. ஊர் குடித்தது, குளித்தது, மரம் வளர்த்தது எல்லாம் அதில்தான். காஸ்பியன் நீரில் உப்பு, பெருங்கடல் நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆனாலும் வாயில் வைக்க முடியாது. நான் பதிலுக்குத் தகட்டில் கல்பாக்கம் என்று எழுதி, அங்கேயும் சோடியம் ஓடும் சோதனை உலை 1985இலிருந்து இருக்கிறது என்று சொன்னேன். மனிதர் சாக்பீஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து என் ரிப்போர்ட்டில் அவர் சண்டை பிடிப்பது பாதியாகக் குறைந்தது. காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் சூடான சோடியம் ஓடும் குழாயில் ஒரு கசிவு வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர்க்காரன் வெல்டை நிராகரித்தால் அதில் விஷயம் இருக்கும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. நான் கல்பாக்கத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உலையை 1999இல் மூடினார்கள். எரிந்த எரிபொருளை 2010இல் ரயிலேற்றி நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். யுரேனியச் சுரங்க வேலையும் நின்றுபோனது. ஆனால் ஊர் காலியாகவில்லை. எரிவாயுவில் ஓடும் மின்நிலையங்கள் இன்றைக்கும் கடல்நீரைக் காய்ச்சுகின்றன. வோல்கா டெல்டாவிலிருந்து நீண்ட குழாய் வழியாகவும் தண்ணீர் வருகிறது. 2023 ஜூலையில் மின்நிலையம் பழுதானபோதுதான் இந்த ஏற்பாட்டின் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் கரண்ட் போனால் கரண்ட் மட்டும்தான் போகும், வாளி தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போகலாம். இங்கே இரண்டும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. நாங்கள் கேன் தண்ணீருக்காகக் கடை கடையாக அலைந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி குளியல் தொட்டியை முன்பே நிரப்பி வைத்திருந்தார். எங்களுக்கும் இரண்டு வாளி கொடுத்தார்.

வீட்டு வாழ்க்கையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. இந்தியாவுக்கும் அக்தாவுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். வளைகுடாவில் இருக்கும் என் தம்பியைவிட நான்தான் நேரக் கணக்கில் வீட்டுக்குப் பக்கம். ஆனால் நேரடி விமானம் இல்லை. துக்கச் செய்தி வந்தால் அல்மாட்டியோ இஸ்தான்புல்லோ சுற்றிப் போய்ச் சேருவதற்குள் அங்கே காரியம் முடிந்துவிடும். அறைத்தோழர் ஒருவருக்கு அது நடந்தது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு, கிசிலோர்தா அரிசி கிடைக்கிறது. குட்டையான, குழைகிற அரிசி. சாம்பாருக்குச் சரிவராது, பொங்கலுக்குப் பிரமாதம். கஜக் வீடுகளுக்குப் போனால் குதிரைக்கறி, ஒட்டகப்பால், பாலூற்றிய தேநீர். தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிப்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால்தான் கிளம்பலாம் என்று அர்த்தமாம்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் "ரெண்டு வருஷம்தான்" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த நினைப்பில் திரைச்சீலைகூட வாங்காமல் இருப்போம், நானும் ஜன்னலுக்குப் பழைய போர்வையைத்தான் கட்டியிருந்தேன். இந்த ஊர் முழுக்க அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். அதோடு, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற அடாய் குலத்துக் கஜக்குகள். அவர்களுடைய பெக்கெத்-அதா நிலத்தடி மசூதியும் பழைய கல்லறைகளும் யுரேனியத்துக்கெல்லாம் ரொம்ப முந்தியவை. என்னோடு வேலை பார்த்த அடாய் பையனுக்கு எங்கள் "ரெண்டு வருஷம்" பேச்சு நல்ல வேடிக்கை.

இப்போது கடலே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் நீர்மட்டம் இறங்கியதற்காகவே நகரத்தில் அவசரநிலை அறிவித்தார்கள். ஃபோர்மேன் சின்னப் பையனாகக் குதித்து நீந்திய பாறைகள் இன்று வெளியே நிற்கின்றன. தலைநகர் அஸ்தானாவில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாளாம். "அங்கே குளிர், கடலும் கிடையாது" என்றார். இங்கேயும் கடல் போய்க்கொண்டிருக்கிறதே என்று கேட்டேன். "போகட்டும், நானும் பின்னாலேயே நடந்து போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜாயின்ட்டுக்குத் தார்ப்பாய் கட்ட ஆட்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.